வாசல் தாண்டாதவனின் வாக்குமூலம்

என் கட்சிக்காரர் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

சிறையில் வக்கீல்களுக்கென்று ஒதுக்கிய அறையில் மின்விசிறி ஓடவில்லை. சென்னியப்பனுக்கு வியர்த்து ஊற்றியது. நாக்கு உலர்ந்து பேச்சு இழுத்தது. என் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். போர்வெல் வண்டிகளுக்குச் சொந்தக்காரர், ஊர்க் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர், பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க அம்மிணி. தாகமில்லீங்க."

கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "அம்மிணிக்கு எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல எந்தப் பக்கமுங்க?"

பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், ஹாஸ்டலில் கேட்டார்கள், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடமெல்லாம் கேட்டார்கள். கொலைக் குற்றத்துக்காக உள்ளே இருக்கிற மனிதர் கேட்டது மட்டும் இதுதான் முதல் தடவை.

"நீங்க நினைக்கிற பக்கந்தான்," என்றேன். "பாட்டிலைப் பார்த்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சே. இப்ப கேஸைப் பேசலாமா?"

அவருடைய மகள் தாரணி, எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். பெயர் சசிதரன். சோலார் பம்புகள் பழுது பார்க்கிறவன். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் வாய்க்கால் மேட்டில் அவன் வெட்டுப்பட்டுக் கிடந்தான். பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆனால் செத்துப்போன சசிதரனே சாட்சி சொல்லப்போகிறான் என்று அரசுத் தரப்பு அறிவித்தது. சென்னியப்பனின் சொந்தக்கார வக்கீல்கள் அதைக் கேட்டதும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிட்டார்கள். செத்தவர்களைச் சாட்சியாக்குகிற மறுகுரல் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றுத் திரும்பிய ஒரே வக்கீல் எங்கள் மாவட்டத்தில் இந்த அஞ்சுகம்தான். அதனால் வேறு போக்கிடம் இல்லாமல் என்னிடம் வந்தார்.

"எனக்கு அது ஒண்ணும் புரியலீங்க," என்றார். "செத்தவன் எப்படிப் பேசுவான்?"

"செத்தவர் பேசமாட்டார். பெட்டி பேசும். அவர் போன்ல பேசி அனுப்பினது, எழுதினது, தேடினது, போட்டோ, போன இடம் எல்லாத்தையும் அதுக்குள்ள கொட்டுவாங்க. அப்புறம் அது அவர் மாதிரியே பேசும். கேள்வி கேட்டா, அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பாரோ அதைச் சொல்லும்."

"சொல்லியிருப்பான்னு வெச்சுக்கிட்டு என்னையத் தூக்குல போடுவாங்களா?"

"சாகப்போற நேரத்துல ஒருத்தர் சொன்னதை நம்பலாம்னு சட்டத்துல ரொம்ப காலமா இருக்கு. அதையே இழுத்து நீட்டி, செத்ததுக்கு அப்புறம் சொல்றதையும் நம்பலாம்னு ஆக்கிட்டாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் செஞ்சனா இல்லியான்னு அம்மிணி ஒரு வார்த்தை கேக்கலியே."

"கேட்டா சொல்வீங்களா?"

சுவரைப் பார்த்தார். பிறகு வேறு வழியாக வந்தார். "எனக்கும் அவனுக்கும் என்னங்க சம்பந்தம்? என்ற வீட்டு வாசப்படியை அவன் மிதிச்சதே இல்லீங்க. கண்ணாலத்துக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. மிதிக்க உட்டுருவனா நானு?"

கூசாமல், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த வாக்கியத்தை மனதுக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

மறுகுரல் எங்கள் மாநிலத்தில் முதன்முதலாகச் சாட்சி சொல்லப்போவது இந்த வழக்கில்தான். எத்தனையோ வழக்குகள் இருக்க இதை ஏன் எடுத்தார்கள் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வரும். சாதி வெறி பிடித்த மாமனார். அநியாயமாகச் செத்த இளைஞன். இந்த ஆளுக்காக யார் பரிந்து பேசுவார்கள்? பத்திரிகைகள் கைதட்டும், நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் தீர்ப்பு வந்துவிட்டால் அது இவரோடு நிற்காது. எங்கள் தெருவில் சந்தேகக் கேஸில் உள்ளே போன பையன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிராகவும் பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன.

சசிதரனின் பெட்டி பேசுகிற நாளில் நீதிமன்ற வராந்தாவில் தாரணி என்னை மறித்தாள். மெலிந்த பெண். கழுத்தில் ஒன்றுமில்லை. கண் மட்டும் எரிந்தது.

"மேடம், நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரோட சித்திக்கு நீங்க தூரத்துச் சொந்தமாம்."

"இருக்கலாம்."

"அப்புறம் எப்படிங்க எங்கப்பாவுக்காக வந்து நிக்கறீங்க? வெக்கமா இல்லீங்களா?"

"உங்கப்பாவைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமா வருது தாரணி. அதை மறைக்கல. ஆனா குறுக்குக் கேள்வி கேட்டா முகம் மாறாத, வேர்க்காத, யோசிக்காத ஒண்ணைச் சாட்சின்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு உன் கொழுந்தன் மேல ஒரு கேஸ் வரும். அன்னிக்கும் இதே பெட்டிதான் வந்து உக்காரும். அப்ப யார்கிட்டப் போய் அழுவோம்?"

"பெட்டின்னு சொல்லாதீங்க." என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு பேசறாருங்க. ஆபீஸ்ல என்னைய உக்கார வெச்சுப் பேசவுட்டாங்க. என்னைய எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே கூப்பிட்டாரு. நீங்க ஜெயிச்சீங்கன்னா அணைச்சிருவாங்களாம். இன்னொருக்கா அவரைச் சாகடிச்சிராதீங்க மேடம்."

இருந்தும் கேட்டேன். "அவங்களுக்கு எந்த போனைக் குடுத்தே?"

"எங்ககிட்ட இருந்ததே ஒண்ணுதானுங்க. தாலி கட்டின அன்னிக்கே என்ற போனை ஆத்துல போட்டுட்டோம். எங்கூட்டு ஆளுக தேடி வந்துருவாங்கன்னு பயம்."

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிற பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் முதலில் செய்கிற காரியம் அதுதான். பெண்ணின் போனை ஆற்றில், கிணற்றில், ஓடுகிற லாரியில் எதிலாவது போட்டுவிடுவார்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே போன். சிம் கணவன் பெயரில் இருக்கும். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டேன்.

சாட்சிக் கூண்டில் பெட்டியை வைத்திருந்தார்கள். சமையல் மிக்ஸி அளவுதான் இருக்கும். அதற்கு மேலே ஒரு திரையில் சசிதரன் முகம். எண்ணெய் தேய்த்துத் தலை வாரிய, கல்யாணப் போட்டோவிலிருந்து எடுத்த முகம். கூட்டத்தில் அவனுடைய அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அரசு வக்கீல் குழந்தைவேல் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அன்னிக்குச் சாயங்காலம் என்ன நடந்துச்சு தம்பி?"

"மாமா போன் பண்ணுனாரு," என்றது பெட்டி. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "பேசித் தீத்துக்கலாம், வாய்க்கால் மேட்டுக்கு வான்னாரு. நம்பிப் போனேன். அருவாளை எடுத்து வெட்டினாரு."

"எந்த அருவாள்?"

"அவங்க வீட்டு மச்சுப்படிக்கு அடியில ஆணியில மாட்டியிருக்கும். பிடியில செம்புக் கம்பி சுத்தியிருக்கும்."

நீதிமன்றமே சலசலத்தது. போலீஸ் அதே படிக்கு அடியில் இருந்துதான் அந்த அருவாளை எடுத்திருந்தது. அதில் ரத்தக் கறை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் செத்தவனே அடையாளம் காட்டிய பிறகு அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அன்று மாலை சென்னியப்பன் எண்ணிலிருந்து அந்த போனுக்கு ஓர் அழைப்பு போயிருந்ததும் உண்மை. குழந்தைவேல் என்னைப் பார்த்து புன்னகைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன்.

"சசிதரன், அந்த வீட்டுச் சமையல்கட்டுல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"கிழக்குப் பக்கம். ஒரு கம்பி வளைஞ்சிருக்கும். பூனை அது வழியாத்தான் வரும்."

குழந்தைவேல் எழுந்தார். "யுவர் ஆனர், பூனைக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்?"

நீதிபதி நூர்ஜஹான் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "சம்பந்தம் வருமா, மிஸ் அஞ்சுகம்?"

"வரும், யுவர் ஆனர். பூனைக்குப் பின்னாலேயே வரும்."

"கேளுங்க."

"சாமி ரூம் எப்படி இருக்கும் சசிதரன்?"

"மாடத்துல முருகர் படம். அதுக்குக் கீழ சுவத்துல பென்சில் கோடு இருக்கும். ஒண்ணுக்கு மேல ஒண்ணா. வருஷா வருஷம் பொங்கலன்னிக்கு உயரம் அளந்து போட்ட கோடு."

"யாரோட உயரம்?"

"என்னோட உயரம்."

குழந்தைவேலின் பேனா நின்றது. எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் சின்னதாகச் சத்தம் போட்டாள். தாரணி என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"அந்த வீட்டுக்குள்ள நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"போனதே இல்ல," என்றது பெட்டி, அதே வேகத்தில், அதே குரலில். "உள்ள விடமாட்டாங்க."

"யுவர் ஆனர்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, இறக்க எனக்கு இஷ்டமில்லை. "என் கட்சிக்காரர் தன் மருமகனை வாசற்படி மிதிக்க விட்டதில்லை. அந்தக் கேவலத்தை அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். இந்தக் கோர்ட்டிலும் சொல்வார். அதனால்தான் கேட்கிறேன். அந்த வீட்டு வாசலைத் தாண்டாதவனுக்குப் பூனை வருகிற ஜன்னல் எப்படித் தெரியும்? படிக்கு அடியில் ஆணி இருப்பது எப்படித் தெரியும்? பொங்கலுக்குப் பொங்கல் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றது யார்?"

தாரணி எழுந்து நின்றிருந்தாள். "நானுங்க," என்றாள். கோர்ட்டில் இப்படி நடுவில் பேசக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "அது நானுங்க. அம்மா ஞாபகம் வரப்பல்லாம் அம்மாகிட்டப் பேசற மாதிரியே போன்ல பேசி வெப்பேன். நம்ம ஊடு எப்படி இருக்குது, பூனை வருதா, படிக்கு அடியில அந்த அருவா இன்னும் தொங்குதா, சொவத்துல என்ற உயரக் கோடு அழிஞ்சிருச்சா, இப்படி எதாச்சும். அனுப்புனது இல்லீங்க. அனுப்பாம அப்படியே வெச்சிருந்தேன்."

மறுகுரல் நிறுவனத்தின் பொறியாளரைக் கூப்பிட்டார்கள். பாவம், நல்ல பையன். குரல் பதிவுகள் எல்லாம் முதலில் எழுத்தாக மாறித்தான் பெட்டிக்குள் போகும் என்றான். எழுத்தான பிறகு யார் குரல் என்பது போய்விடும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பேச்சாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும்.

"அப்ப அந்தச் சாயங்காலம் வந்த அழைப்புல பேசின பேச்சு?" என்று கேட்டேன். "அது உள்ள இருக்கா?"

"இல்லைங்க மேடம். கால் வந்த தகவல் மட்டும் இருக்கும். பேசினது பதிவாகாது."

"வாய்க்கால் மேட்டுக்கு வான்னு கூப்பிட்டதாச் சொல்லிச்சே?"

"அது..." பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "இடைவெளி இருந்தா அதுவே நிரப்பிக்கும்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, எழுதி, படித்தார். கூண்டில் இருப்பது சாட்சி அல்ல. அது சொன்ன எதையும் இந்த நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பெட்டியை அணைக்கலாம்.

பொறியாளர் பையன் பின்னால் கை விட்டு எதையோ அழுத்தினான். திரையில் இருந்த முகம் போய்விட்டது. சசிதரனின் அம்மா வாய்விட்டு அழுதாள். இரண்டாம் தடவை கொன்றவள் நான்தான். செய்ய வேண்டிய காரியம்தான் அது, ஆனாலும் அந்த அழுகையின் பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை.

குற்றவாளிக் கூண்டில் இருந்து சென்னியப்பன் என் பக்கம் குனிந்தார். முகம் தெளிந்திருந்தது. "அம்மிணி கெட்டிக்காரிங்க," என்றார். "ஆரா இருந்தா என்னங்க, படிப்புப் படிப்புத்தான்."

பாராட்டு என்றுதான் அதை நினைத்துச் சொன்னார்.

அப்போதுதான் தாரணி மறுபடி பேசினாள். "அம்மா, ஒண்ணு சொல்லோணுங்க." நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினாள். "அந்த போனு பகல்ல எங்கிட்டத்தான் இருக்கும். அவரு கம்பெனி வாக்கிடாக்கி எடுத்துட்டுப் போவாரு. அன்னிக்கு அப்பா கூப்பிட்டது அவரை இல்லீங்க. எடுத்தது நானு."

சென்னியப்பன் முகத்தில் இருந்த தெளிவு அப்படியே வடிந்தது.

"இதை ஏன் போலீஸ்கிட்டச் சொல்லலை?" என்றார் நீதிபதி.

"சொன்னேனுங்க. உன் வீட்டுக்காரரே வந்து எல்லாம் சொல்லுவாரு, நீ எதுக்கும்மா கோர்ட்டு கூண்டுன்னு அலையறேன்னாங்க. அவரு குரலைக் கேட்டப்புறம் எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. என்னையவிட அவருக்குத்தானே தெரியும்னு இருந்துட்டேன்."

குழந்தைவேல் துள்ளி எழுந்தார். இந்தப் பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க அனுமதி வேண்டும் என்றார். இத்தனை நாள் அவர் கண்ணெதிரிலேயே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்தான்.

"தடுங்க அம்மிணி," என்றார் சென்னியப்பன். குரல் உடைந்திருந்தது. "அவ வேண்டாம். எதாச்சும் சட்டம் சொல்லித் தடுத்துப் போடுங்க."

"நீதிபதி எந்த நேரத்துலயும் யாரை வேணும்னாலும் கூப்பிட்டு விசாரிக்கலாம். தடுக்கச் சட்டம் இல்ல."

"நீ ஆருக்கு வக்கீலு?"

'அம்மிணி' போய் 'நீ' ஆகிவிட்டது. "உங்களுக்குத்தான்," என்றேன். "அவளை விடாம குறுக்கு விசாரணை செய்வேன். அது என் வேலை. ஆனா உயிரோட இருக்கிறவங்களை வாயைத் திறக்க விடாதேன்னு கேக்கறது என் வேலை இல்ல."

நிமிர்ந்து நீதிபதியிடம் சொன்னேன். "ஆட்சேபணை இல்லை, யுவர் ஆனர். உயிருள்ள சாட்சி வேண்டும் என்றுதான் இத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்."

பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுத் தாரணியைக் கூண்டில் ஏற்றினார்கள். சத்தியப் பிரமாணம் எடுக்கும்போது அவளுக்கு வார்த்தை தடுக்கியது. குழந்தைவேல் கேட்க, அவள் சொன்னாள். சூரியன் மறைகிற நேரம். அப்பா கூப்பிட்டார். 'உனக்கு இனி அங்க யாருமில்ல, கிளம்பி வந்துடு' என்றார். வைத்துவிட்டார். மறுநாள் காலையில்தான் வாய்க்கால் மேட்டில் ஆட்கள் சசிதரனைப் பார்த்தார்கள்.

பிணத்தை யாரும் பார்ப்பதற்கு முன்பே சொல்லப்பட்ட வார்த்தை அது. கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

என் முறை வந்தது. நான் என் வேலையைச் செய்ய வேண்டும். இந்த வாக்கியத்தை உடைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. கோபக்காரத் தகப்பன்கள் இப்படி ஆயிரம் மிரட்டுவார்கள். அதுவும் அந்த ஆயிரத்தில் ஒன்று என்று காட்டிவிட்டால் சந்தேகத்தின் பலன் என் கட்சிக்காரருக்கு வரும். அந்தக் கேள்வியை நான் கேட்டே தீர வேண்டும், அவள் பொய் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சாதகமான பதில்தான் வரும்.

தாரணிக்கு இருமல் வந்தது. நின்றது, மறுபடி வந்தது. என் பாட்டிலைத் திறந்து கூண்டுக்கு எட்டி நீட்டினேன். அவள் வாங்கி, தூக்கிக் குடிக்காமல், வாய் வைத்தே குடித்தாள். மடக்கு மடக்காக, குழந்தை மாதிரி. அவளுடைய அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாரணி," என்றேன். "உங்கப்பா இதுக்கு முன்னாலயும் போன்ல இப்படி மிரட்டியிருக்காரா?"

பெட்டி எந்தக் கேள்விக்கும் யோசித்ததே இல்லை. இவள் யோசித்தாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பாவின் கதை முடிந்துவிடும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அப்பாவைப் பார்த்தாள். கீழே அணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். நீதிபதி அவசரப்படுத்தவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

"நிறையத் தடவை மிரட்டியிருக்காருங்க," என்றாள்.

குழந்தைவேல் கண்ணை மூடிக்கொண்டார். நான் உட்காரப் போனேன். கேட்ட பதில் கிடைத்ததும் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது வக்கீல் தொழிலின் பாலபாடம்.

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"வாரத்துக்கு ஒருக்காவாச்சும் கூப்பிட்டு, வெட்டிப் போடுவேன், கொளுத்திப் போடுவேன்னு கத்துவாரு. ஆனா அன்னிக்கு மிரட்டலீங்க மேடம்." பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அழுதாரு. உனக்கு இனி அங்க யாருமில்ல சாமி, வந்துடு கண்ணுன்னு ஏங்கி ஏங்கி அழுதாரு. எங்கப்பா அழுது நான் அன்னிக்குத்தான் கேட்டேன். எனக்கு ஏன்னு புரியல. உடம்பு சரியில்லையாப்பான்னு கேட்டேன். வெச்சுட்டாரு."



"வேறு கேள்வி இல்லை, யுவர் ஆனர்," என்றேன்.

தாரணி கூண்டை விட்டு இறங்கி வந்து பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அவள் போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா இவள் தோளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

எனக்குப் பின்னால் சென்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்து, மூன்றாம் தடவைதான் குரல் வந்தது.

"அம்மிணி, தண்ணி. ஒரு வாய் தண்ணி குடுங்க."

பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. அவருடைய மகள் முழுவதையும் குடித்திருந்தாள்.